உமிச்சூட்டு மெஷினும் அரசாங்கத்தின் பாதியும்

படிவக் கட்டோடு வருகிற உத்தியோகத்தரை ஊர் நாய்க்குக்கூடப் பிடிக்காது. மன்னாரில் நான் பார்த்தது மானிய உத்தியோகம். புதிதாக ஒரு கருவியைச் செய்து விற்கப் புறப்படுகிற சிறு தொழில்காரர் எவ்வளவு போடுகிறாரோ, அவ்வளவை அரசாங்கமும் போடும். கேட்க நல்லாத்தான் இருக்கும். படிவத்தைக் கையில் கொடுத்த பிறகுதான் ஆட்களின் முகம் மாறும். சண்டை முடிந்து, சனம் தறப்பாள் கொட்டிலிலிருந்து தகரக் கொட்டிலுக்கும் பிறகு கல்வீட்டுக்கும் மாறிக்கொண்டிருந்த காலம் அது. அரசாங்கக் கந்தோர் வாசலில் கால் கடுக்க நின்றவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவளும் கொஞ்சம் பட்டிருக்கிறாள் என்று தெரிந்தால் உங்களுக்கு ஒரு ஆறுதல்.

போட்டிக்கு யார்?

உயிலங்குளத்தில் தவமலர் என்ற பெண்ணிடமிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. தமிழ்நாட்டு அகதி முகாமில் பல வருடம் இருந்துவிட்டுப் புருசனோடு ஊர் திரும்பியவர். அங்கே ஒரு இரும்புப் பட்டறையில் கூட்டிப் பெருக்கப் போனவர், வெல்டிங் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். அவர் செய்ய நினைத்தது நெல் காய வைக்கிற மெஷின். அறுவடை நேரம் எங்கள் பக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும், புதிதாகப் போட்ட கார்ப்பெட் ரோட்டில் பாதி நெல்லுக்கு, பாதிதான் வாகனத்துக்கு. ஒரு மழை வந்தால் எல்லாம் போச்சு. தவமலரின் மெஷினில் உமி எரியும். புகை ஒரு குழாயால் வெளியே போய்விடும், சூடு மட்டும் நெல்லுக்குள் போகும். தார்ப் பீப்பாய் இரண்டை வெட்டி ஒட்டி நெல் போடுகிற தொட்டியைச் செய்திருந்தார். மணற்தரையில் ஈர்க்கால் கீறி அவர் விளங்கப்படுத்தியபோது, பொறியியல் படித்த என் தம்பிகூட எனக்கு இவ்வளவு தெளிவாக ஒன்றும் சொன்னதில்லை என்று நினைத்தேன்.

படிவத்தில் ஒரு கேள்வி: 'சந்தையில் உமது பிரதான போட்டியாளர் யார்?' நான் வாசித்துவிட்டு, கம்பனிப் பெயர் ஏதாவது சொல்லுங்கோ என்றேன். அவர் வானத்தை ஒரு தரம் பார்த்தார்.

"சூரியன் எண்டு எழுதுங்கோ மிஸ். ஆள் கெட்டிக்காரர்தான். ஆனா மழை நாளில கடை திறக்கமாட்டார்."

கழற்றின எஞ்சின்

விண்ணப்பகாரரின் பாதியைக் காசாகத்தான் வைக்க வேண்டும் என்றில்லை, பொருளாகவும் வைக்கலாம். தவமலர் தன் பாதியைக் காட்ட என்னைக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப்போனார். சூட்டை நெல்லுக்குள் ஊதுகிற காற்றுத் தள்ளியைச் சுற்றுவதற்கு மெஷினில் ஒரு எஞ்சின் பூட்டியிருந்தது. பக்கத்தில் அவர்களுடைய இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின், நெஞ்சைப் பிளந்த மாதிரி எஞ்சின் இல்லாமல் நின்றது. அந்த வீட்டுக்குச் சோறு போட்டது அந்த லாண்ட்மாஸ்டர்தான். புருசன் செல்வராசா அதில் கூலிக்கு உழுகிறவர். மானியம் கிடைத்தால் காற்றுத் தள்ளிக்குத் தனி மோட்டர் வாங்கலாம், எஞ்சின் திரும்பவும் உழவுக்குப் போகும். கிடைக்காவிட்டால், கையில் பேர் தெரியாத ஒரு மெஷின் மட்டும் இருக்கும். மோட்டர் வாங்க வழி இல்லை. மெஷினை ஒருவரும் நம்பாவிட்டால் அதைப் பிரித்து இரும்புக்குத்தான் போட வேண்டும், அதற்குள் உழவுக்குக் கேட்டவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

செல்வராசா அதிகம் கதைக்காத மனுசன். "அண்ணை, உங்களுக்குச் சம்மதமோ?" என்று அவரைத் தனியே கேட்டேன். அவர் ஒரு பால்மாத் தகரப் பேணியை எடுத்துக் குலுக்கிக் காட்டினார். உள்ளே நட்டுகள்.

"கழட்டினது அவ. நான் ஒரு நட்டும் துலைக்காமல் எடுத்து வச்சிருக்கிறன். என்ர சம்மதம் இதுக்குள்ள கிடக்கு, மிஸ்."

மறிச்சுக்கட்டியிலிருந்து ஒரு சந்தேகம்

கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து மெஷினைச் சோதிக்கும். அதோடு, கருவியை வாங்க ஆள் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். மறிச்சுக்கட்டியில் ரஹீம் நானா என்ற பெரிய வெள்ளாமைக்காரர் இருந்தார். சண்டையில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பிவந்து காடு வெட்டி வயல் செய்தவர். அவரே விசாரித்துக்கொண்டு உயிலங்குளத்துக்கு வந்தார். மெஷினைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். வெல்டிங்கை நகத்தால் சுரண்டினார். உமி எவ்வளவு குடிக்கும், அரிசி உடையுமா, புகை மணக்குமா என்று கேள்வி மேல் கேள்வி. மெஷினை வாங்கச் சம்மதம் என்று எழுதிய ஒரு வாங்குவோர் கடிதத்தை நான் நீட்டினேன். அதில் கையெழுத்து வைப்பாரென்று பார்த்தால், மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தவமலரைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி, உங்கட நெல்லை நீங்க காய வைக்கிறது பெரிய காரியமில்ல. கொழும்பு ஆக்கள் வார அண்டைக்கு நான் என்ர நெல்லோட வாறன்."

வந்தவருக்கு நல்லது

கொழும்பிலிருந்து குழு வந்த நாளை நினைத்தால் இன்னும் எனக்கு வியர்க்கும். அதில் ஒரு பொறியியலாளர். சிங்களவர், ஆனால் யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்துத் தமிழ் பழகியவர். நெல்லின் ஈரம் பார்க்கிற மீற்றர் ஒன்றைக் கழுத்தில் மாட்டியிருந்தார். ஈர நெல்லைப் போட்டு, காய்ந்த நெல்லை எடுத்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. தவமலர் விடியற்புறம் இருந்து உமியும் அடுப்புமாக நின்றதால், நெல் கொண்டு வருகிற பொறுப்பை அக்கம்பக்கத்தார் எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு ஓலைப்பெட்டியாகத் தலையில் சுமந்து வந்தார்கள்.

பொறியியலாளர் ஒரு பிடி அள்ளி மீற்றரில் போட்டார். நெற்றி சுருங்கியது. அடுத்த பெட்டி. அதற்கடுத்த பெட்டி. எல்லாம் சருகு மாதிரிக் காய்ந்த நெல்! விசயம் இதுதான்: வெளியாட்கள் வருகிறார்கள், தவமலரின் மானம் கெடக்கூடாது என்று, ஒவ்வொரு வீடும் இருந்ததில் நல்லதைக் கொண்டு வந்திருந்தது. அடுத்த போகத்துக்கு வைத்திருந்த விதைநெல். சூட்டில் போட்டால் அது முளைக்காமலே போய்விடும். அது தெரிந்துதான் கொடுத்தார்கள். எனக்கு அழுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. ஈர நெல் இல்லையென்றால் பரீட்சையும் இல்லை என்று பொறியியலாளர் மீற்றரை உறையில் போட்டார். அடுத்த குழு அறுவடை முடிந்த பிறகுதான் வரும். செல்வராசா எஞ்சின் இல்லாத லாண்ட்மாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டி கொண்டுவந்த ஒரு அக்கா மட்டும் ரோசத்தோடு முன்னுக்கு வந்தார்.

"ஈரநெல்லை ஆரும் விருந்தாளிக்கு முன்னால வைப்பினமோ, ஐயா?"

பல்லுக்குப் பிறகு மீற்றர்

குழு வாகனத்தில் ஏறப்போகிற நேரம் ரோட்டில் ஒரு ரக்ரர், பின்பெட்டி குலுங்கக் குலுங்க வந்தது. மேலே தறப்பாள், தறப்பாளுக்கு மேலே ரஹீம் நானா. முதல்நாள் பெய்த மழையில் நனைந்த நெல்லில், ஆகவும் ஈரமான மூட்டைகளைப் பொறுக்கி எடுத்து வந்திருந்தார். மெஷினைத் தோற்கடிப்பதென்றே வந்த மனுசன்! மூட்டையைத் தொட்டால் கை நனைந்தது. பொறியியலாளர் மீற்றரைத் திரும்பவும் வெளியே எடுத்தார். இருந்து பார்ப்போம் என்று குழுவுக்குச் சொன்னார்.

காலையில் மூட்டின அடுப்புப் பின்னேரம் வரை எரிந்தது. தவமலர் சாப்பிடவில்லை. எஞ்சினில் காது வைத்தபடி, பத்து நிமிசத்துக்கு ஒருமுறை நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். முகம் முழுக்கக் கரி. கடைசியில் தொட்டியைத் திறந்தபோது மீற்றர் நீள முன்னமே ரஹீம் நானாவின் கை உள்ளே போய்விட்டது. ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். காய்ந்த நெல் 'டக்' என்று உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொன்று. அடியிலிருந்து இன்னொன்று. பிறகு மீற்றரும் அதையே சொன்னது. அயல் முழுக்க அன்பாய்ச் செய்தது கெடுக்கப் பார்த்ததை, ஒரு மனுசனின் சந்தேகம் காப்பாற்றிவிட்டது. அவர் சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, என்னிடம் பேனை கேட்டார்.

"குறை பிடிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தன், தங்கச்சி. ஒண்டும் அம்பிடல்ல. எனக்கு ஒண்டு செய்து தாங்க."

கடிதம் வந்த நாள்

அங்கீகாரக் கடிதம் வந்ததும் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. ஸ்கூட்டியில் நானே கொண்டு போனேன். வீட்டு வளவு நிறைய ஆட்கள். அந்தக் கிழமை முழுக்க மழை இருட்டு. ரோட்டில் பரவ வழியில்லாமல் ஊரே மூட்டைகளோடு தவமலரிடம் வந்திருந்தது. மெஷின் இரைந்துகொண்டிருந்தது. கிடைச்சிட்டுது என்று நான் கத்தியது செல்வராசாவுக்குக் கேட்டது. மனுசன் நட்டுப் பேணியையும் நட்டுக் கழற்றுகிற சாவிகளையும் தூக்கிக்கொண்டு எஞ்சினைக் கழற்ற ஓடினார். உழவு தொடங்க இன்னும் சில நாள்தான் இருந்தது. இத்தனை நாளாக அவர் விழுங்கி வைத்திருந்த பயம் அவ்வளவும் அந்த ஓட்டத்தில் தெரிந்தது.

தவமலர் அவருடைய தோளில் கை வைத்து நிற்பாட்டினார். கடிதத்தை வாங்கக்கூடத் திரும்பவில்லை. ஒரு கையால் நெல்லைக் கிளறியபடியே சொன்னார். அந்த நேரம் அந்தப் பெண்ணின் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.

"கடிதத்தைக் கதிரையில வையுங்கோ, மிஸ். உள்ளுக்குள்ள ஆக்களின்ர நெல்லுக் கிடக்கு. அது முதல் காயட்டும், பிறகு எங்கட எஞ்சினைப் பாப்பம்."

தொழில்நுட்பத்தை வளர்த்த அதிகாரி என்று என் பிரியாவிடைக் கூட்டத்தில் பேசினார்கள். உண்மையில் நான் செய்ததெல்லாம், என்னைவிடக் கெட்டிக்காரர்களுக்குக் கையெழுத்து வைக்கிற இடத்தை விரலால் காட்டியது மட்டுந்தான்.