சட்டையில ஏறுன செஃப்பு

பெருமாள்மலையில ஒரு காட்டேஜ்ல இருவத்திரெண்டு வருசமா சமைக்கிறவரு அடைக்கலம். வெள்ளைச் சட்டையில நெஞ்சுக்கு நேரா 'குக்'னு தைச்சிருக்கும். அதுல ஒரு கொறையும் இல்லாமத்தான் இருந்தாரு, எதுத்த ரிசார்ட்டுல எல்வின் 'செஃப்'னு தைச்ச சட்டையோட வந்து நிக்கிற வரைக்கும்.

"எங்கிட்ட வெங்காயம் உரிச்ச பய! அவன் பரோட்டா போட்டா செஃப்பு, நான் போட்டா குக்கா?"ன்னு பொண்டாட்டி லீமாகிட்டப் பொங்குனாரு.

"ரெண்டும் சமையக்காரன்தானங்க. பேசாம சாப்புடுங்க."

சோறு எறங்குமா? புதுச்சட்டை தைக்கையில டெய்லர்கிட்ட, "செஃப்புனு போடு. எல்வின் எழுத்தவிட ஒரு விரக்கடை பெருசாப் போடு"ன்னுட்டாரு.

சட்டை கைக்கு வந்த மறுநா வெள்ளனே அதப் போட்டுக்கிட்டு அடுப்படி வாசல்ல நின்னாரு. அங்க தங்கியிருந்த மெட்ராஸ் அம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல்னு கஞ்சி கேக்க வந்தாக. நேத்து வரைக்கும் "அண்ணே, கொஞ்சம் ரசம்"னு உரிமையாக் கேட்டவுகதான். சட்டையப் பாத்ததும் தயங்கி, "செஃப்கிட்டப் போயி கஞ்சி கேக்குறதா?"ன்னு முணங்கிக்கிட்டே, கூட்டிப் பெருக்குற கந்தம்மாகிட்டப் போயிட்டாக.

கந்தம்மா பின்னால இருக்குற தன் ரூமு அடுப்புல வெரசாக் கஞ்சி வச்சுக் குடுத்துச்சு. "இப்படி ஒரு கஞ்சி நான் குடிச்சதே இல்லம்மா"ன்னு அந்தம்மா ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு, கந்தம்மா கையப் புடிச்சுச் சொன்னது அடைக்கலம் காதுல நல்லா விழுந்துச்சு.

மனுசன் எல்வின மறந்தே போனாரு. கந்தம்மா அங்கிட்டு நகந்ததும் அந்த ரூமுக்குள்ள போயி, கஞ்சிச் சட்டியத் தொறந்து ஒரு கரண்டி குடிச்சாரு.

"உப்பு பத்தல"ன்னு சொல்லிக்கிட்டே இன்னொரு கரண்டி மொண்டாரு.