பீன்யாவுக்குப் போய்க் கால் வாங்கி வந்த கதை

செயற்கைக் கால் பொருத்திக்கொள்ள பெங்களூர் போகிற பெண் ஒருத்தி, எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தாள். அவளுக்காகவும் அவளைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் போனபோது இதையெல்லாம் சொல்ல ஆளில்லை. 'மனசைத் தளர விடாதே' என்று சொல்ல மட்டும் ஊரே இருந்தது.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். போனது 2004 மே விடுமுறையில். அதற்கு முந்தைய வருஷம் பங்காருப்பேட்டை சாலையில் எங்கள் வண்டியை ஒரு லாரி இடித்ததில், என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வண்டியை ஓட்டிய என் வீட்டுக்காரர் அருளுக்குச் சிராய்ப்போடு சரி. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஜூனில் நின்று பாடம் நடத்த முடிந்தால் வரலாம், இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கிறோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சுரங்கம் மூடியதிலிருந்து அருளுக்கு நிலையான வேலை கிடையாது. வீட்டில் உலை வைப்பது என்னுடைய இல்லாத காலை நம்பி இருந்தது.

காலையில் மாரிக்குப்பம் ரயிலில் ஏறினோம். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெட்டி முழுக்க. ஊன்றுகோலைப் பார்த்து இடம் கொடுத்த பெரியவர், கையோடு "தைரியமா இருக்கணும் டீச்சர்" என்று ஆரம்பித்தார். பங்காருப்பேட்டை வரைக்கும் தைரியம். அங்கிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரைக்கும் அவருடைய சித்தப்பாவின் சர்க்கரை வியாதி. இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றே வந்திருக்கலாம்.

கன்டோன்மென்டிலிருந்து ஜோகுபாளையத்துக்கு ஆட்டோ மீட்டர் போட்டால் முப்பதைத் தாண்டாது. டிரைவர் அறுபது கேட்டார். "ஒன்வேல்லாம் சுத்திப் போணும் சார். அப்புறம் அக்காவ மெதுவா இட்டுனு போணும்ல?" மெதுவாகப் போவதற்கும் சேர்த்துக் காசு! போனது என்னவோ வேகமாகத்தான்.

ஜோகுபாளையத்தில் என் சின்னம்மா மகள் ரோஸியின் வீட்டில் தங்கினோம். அது மாடி வீடு என்று யாரும் சொல்லவில்லை. குறுகலான படி, பிடிக்கக் கம்பி கிடையாது. பின்புறமாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். கீழே நின்றுகொண்டு அருள் கை தட்டினார். "சூப்பர் ஸ்டெல்லா! மனசுல உறுதி இருந்தா போதும்!" சுரங்கம் மூடியபோது ஒரு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன். என் கால் போனதும் எங்கிருந்துதான் இந்த உற்சாகம் வந்ததோ, காலையில் கண் விழித்ததிலிருந்து பிரசங்கம்தான்.

கால் செய்யும் பட்டறை பீன்யாவில், இரும்புத் தொழிற்சாலைகளுக்கு நடுவே. ஜோகுபாளையத்திலிருந்து மெஜஸ்டிக்குக்கு ஒரு பஸ், அங்கிருந்து பீன்யாவுக்கு இன்னொன்று. எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். பஸ் படிகளைக் கட்டியவர் ஒட்டகத்தை மனதில் வைத்துக் கட்டியிருப்பார் போலிருக்கிறது. முதல் நாள் மாவுக்கட்டு போட்டு அளவெடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போனால், புதுக் காலுக்குள் என் கால் ஏறவேயில்லை. பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வந்ததில் வீங்கிவிட்டதாம். பெஞ்சில் காலை உயர்த்திப் படுத்துக் காத்திருந்ததிலேயே மதியம் போய்விட்டது.

அதற்கப்புறம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடைப் பயிற்சி. டெக்னீஷியன் மஞ்சுநாத் கன்னடக்காரர். "பார ஹாக்கி அம்மா, காலு மேலே பார ஹாக்கி" என்றார். பாரத்தைப் போட்டால் உயிர் போகிறது. இந்தப் பக்கம் அருள்: "அதான்! மனசுல இருக்கணும்!"

"மனசுல இருக்குங்க. கால்லதான் இல்ல. கொஞ்சம் சும்மா இருங்க."

மஞ்சுநாத் சிரித்துவிட்டார். அருளின் முகம் வாடிப்போனது.

மறுநாளும் பயிற்சி. அது முடிந்ததும் காலைப் போட்டுக்கொண்டே போகச் சொல்லி அனுப்பினார்கள். பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ் நிற்காமல் போனது. நான்காவது கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. அருள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தார். நான் விழுந்தேன். பஸ் போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவர் தைரியம் சொன்னார். திரும்பிப் பார்த்தால் அருளைக் காணோம். நடைபாதை ஓரத்தில், முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னால முடியல ஸ்டெல்லா. அன்னிக்கும் நான்தான் வண்டி ஓட்னேன். இன்னிக்கும் நான்தான் தள்ளிட்டேன்."

விபத்து நடந்து அத்தனை மாதமாக அந்த வண்டியைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. கை தட்டலுக்கெல்லாம் அடியில் என்ன கிடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவரும் உட்கார்ந்துவிட்டால் எங்களை யார் வீட்டுக்குக் கூட்டிப்போவது?

"லாரிக்காரன் வந்து இடிச்சான். அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? காலைல சாப்ட்டீங்களா?"

தலையாட்டினார், இல்லை என்று.

டீக்கடை சாலைக்கு அந்தப் பக்கம். லாரிகள் வந்துகொண்டே இருந்தன. ஓய்ந்த நேரம் பார்த்து, ஊன்றுகோலோடு இறங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் அந்தக் காலையும் பீன்யாவையும் கர்நாடகத்து பஸ்களையும் ஒரு பாட்டம் திட்டினேன். ஒரு கையில் ஊன்றுகோல் இருந்ததால், இன்னொரு கையில் ஒரு டீயும் விரலிடுக்கில் ஒரு பன்னும்தான் கொண்டுவர முடிந்தது. பாதி டீ சிந்திவிட்டது. அவர் பன்னைப் பிட்டு, பெரிய பாதியை எனக்குக் கொடுத்தார். அன்றைக்கு அப்புறம் அவர் ஒரு தைரியமும் சொல்லவில்லை. அது எவ்வளவு நிம்மதி!

ஜூனில் முதல் பாடவேளையை நின்றே நடத்தினேன். மற்றதெல்லாம் மேஜையில் சாய்ந்தபடி. வேலை நிலைத்தது. அருள் இப்போது ஒயிட்ஃபீல்டில் லிப்ட் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்வருகிறார்.

மனவலிமை எங்கிருந்து வருகிறது என்று என்னைக் கேட்டால், தெரியாது. எனக்கு அன்றைக்கு எரிச்சலிலிருந்து வந்தது. கூட இருப்பவர் விழுந்துவிட்டால், வலித்தாலும் நாம் எழுந்துதான் ஆக வேண்டும்.

போகிறவர்களுக்கு: தங்கும் வீடு தரைத்தளமா என்று கேளுங்கள். புதுக் காலை மாட்டுவதற்கு முன் போட்டுக்கொள்கிற பருத்தி உறை நாலைந்து கூடுதலாக எடுத்துப் போங்கள். புடவை வேண்டாம், சுடிதார் போதும். பீன்யாவுக்காவது ஆட்டோவில் போங்கள். காலை நீட்டிக்கொள்ளலாம், வீங்காது. துணைக்கு வருகிறவர் சாப்பிட்டாரா என்று தினமும் கேளுங்கள். நான் கடைசி நாள்தான் கேட்டேன்.