நெஸ்டாவின் அம்மாவுக்குப் போன கடிதம்

சென்ற வாரம் இங்கே மொன்ட்ரியாலில், புவாண்ட்-கிளேரில், நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுக்கப் போயிருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, மூன்று கிழமையாக விடாத இருமல். படம் எடுக்கிற பெண் "பொன்ஜூர்" என்று தொடங்கி, தாளில் என் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். "அன்ரி, நாடியை மேல வையுங்கோ. மூச்சை இழுத்துப் பிடியுங்கோ. அசையாதேங்கோ."

குளிர்ந்த தகடு நெஞ்சில் பட்டதும் எனக்கு நனைந்த கம்பளிக் கோட்டுகளின் மணம் வந்துவிட்டது. என் மூக்கு இப்போது அப்படித்தான். அடுப்பில் பருப்பு அடிப்பிடிப்பது தெரியாது, அறுபத்தைந்து வருடத்துக்கு முந்திய மணம் தெரியும்.

அந்தக் கோட்டுகள் வேல்ஸ் நாட்டில், ஒரு சின்ன நிலக்கரிச் சுரங்க ஊரில், படம் எடுக்கும் வண்டிக்கு முன்னால் மழையில் வரிசையாக நின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து மேற்படிப்புக்குப் போன அப்பா, அந்த ஊரின் சுகாதார டொக்டராக இருந்தார். காசநோயை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நெஞ்சு" என்பார்கள். குன்றிலிருந்த காசநோய் விடுதியில் சேர்க்கப்பட்டவரை "மேலே போயிருக்கிறார்" என்பார்கள். அப்படிப்பட்ட சனத்தை அந்த வண்டியில் ஏற்ற அப்பா பட்ட பாடு கொஞ்சமல்ல. தேவாலயம், மதுக்கடை, சுரங்க வாசல் எல்லாம் ஏறி இறங்கி, "உங்கட படம் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான்" என்று வாக்குக் கொடுத்தார், தன் யாழ்ப்பாண ஆங்கிலத்தில்.

படத்தில் சந்தேகம் இருந்தால், மறுபடி வரச்சொல்லிக் கடிதம் போகும். அதை அப்பா எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுவார். முத்திரை ஒட்டுவது பத்து வயதான என் வேலை. அந்தப் பசையின் ருசிக்காகவே கேட்டு வாங்கிய வேலை.

"பிள்ளை, இதில பாக்கிற பேரை ஆரிட்டயும் கதைக்கக் கூடாது. விளங்குதோ?"

"ஓம் அப்பா."

ஒரு நாள் உறையில் நெஸ்டாவின் அம்மா பெயர் இருந்தது.

நெஸ்டா என் ஒரே சிநேகிதி. மற்றப் பிள்ளைகள் என் கையைத் தேய்த்து நிறம் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, தன் பக்கத்தில் இடம் விட்டு என்னை இருத்தியவள். அவளுடைய அம்மா வீட்டின் முன்னறையில் இனிப்புக் கடை வைத்திருந்தார். புருஷன் சுரங்க விபத்தில் போனபின் அந்தக் கடைதான் அவர்களுக்குச் சோறு. எனக்கு மட்டும் அளந்த இனிப்புக்கு மேலே ஒன்று போடுவார்.

அப்படியிருந்தும் சொன்னேன். கோபமில்லை, பொறாமையில்லை. பள்ளி முற்றத்தில் கயிறடித்து விளையாடும் பெண்பிள்ளைகள் அன்று என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "எனக்கு ஒரு ரகசியம் தெரியும்" என்றதும் கயிறு நின்றது. ஏழெட்டுத் தலைகள் என்னைச் சுற்றி வளைத்தன. அந்த ஊரில் நான் முக்கியமான ஆளாக இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

அந்தக் கிழமைக்குள் கடைக்கு ஆள் வருவது நின்றது. வகுப்பில் நெஸ்டாவுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. நானும் இருக்கவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

நெஸ்டாவின் அம்மாவை மறுபடி பெரிய படம் எடுத்துப் பார்த்ததில் அது என்றோ ஆறிப்போன பழைய வடு. நோயே இல்லை. அதை யார் கேட்டார்கள்? கடையைப் பூட்டிவிட்டு, தமக்கையின் ஊருக்குப் போகுமுன் அந்த அம்மா எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"உங்களை நம்பித்தானே டொக்டர் அந்த வண்டியில் ஏறினேன்?"

அப்பா மன்னிப்புக் கேட்டார். தான் செய்யாததற்கு. கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து குந்தினார்.

"பிள்ளை, நீ ஆருக்கும் சொன்னியோ?"

"இல்லை அப்பா."

"நீ சொல்லமாட்டாய். எனக்குத் தெரியும்."

அடுத்த முறை வண்டி வந்தபோது வரிசை பாதிகூட இல்லை. வராதவர்களில் ஒரு இளம் தபால்காரன் பின்பு இரத்தமாக இருமினான். குன்றுக்கு மேலே போனவன் இறங்கி வரவில்லை. வண்டிக்கு வந்திருந்தாலும் அவன் பிழைத்திருக்கமாட்டான் என்று நான் எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சில நாள் நம்புவேன்.

இரண்டு வருடத்தில் மொன்ட்ரியால் வந்துவிட்டோம். "உன்ர படிப்புக்காகத்தான்" என்பார் அப்பா. அப்பா கண்மூடும்வரை அங்கே ரொக்ஸ்பரோவில் இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். உண்மையைச் சொல்ல இருபத்தெட்டு வருடம் போதவில்லை எனக்கு.

ஓய்வு பெற்றபின் ஒருதரம் அந்த ஊருக்குப் போனேன். விடுதி இருந்த குன்றில் புது வீடுகள். இனிப்புக் கடை முடி திருத்தும் கடையாகியிருந்தது. அங்கே தலைக்குச் சுருள் போட்டுக்கொண்டிருந்த ஒரு முதியவள் என்னைக் கூர்ந்து பார்த்து, "நீ அந்த டொக்டரின் மகளா?" என்றாள். "நல்ல மனுஷன். வாயைத்தான் அடக்கத் தெரியவில்லை, பாவம்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான் தலையாட்டினேன்.

முந்தநாள் துணிந்து அந்தக் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு இளம்பெண் எடுத்தாள். அந்த முதியவள் இறந்து நாலு வருடமாம். அந்தக் காலத்து ஆட்கள் வேறு யாரும் கடைக்கு வருவதில்லையாம்.

"நீங்கள் யார் பேசுவது?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"டொக்டரின் மகள்" என்றேன்.

"எந்த டொக்டர்?"