குழாய்க்குப் பயந்த பெண்கள்

1965-ம் வருஷம், கோடை விடுமுறை. ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் ஆலங்குடியில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு அம்மாவிடம் வந்திருந்தேன். அப்பா இல்லை. யுத்த சமயத்தில் பர்மாவிலிருந்து எங்கள் பக்கத்து ஜனங்கள் காடும் மலையுமாக நடந்தே வந்தார்கள் அல்லவா, அந்த நடையில் வாந்திபேதி கண்டு வழியிலேயே போய்விட்டார். இரண்டு வயது நிரம்பாத என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா ஊர் வந்து சேர்ந்தாள். நான் ஒரே பிள்ளை.

அந்த லீவில்தான் எங்கள் ஊருக்கு ஒரு டாக்டரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவர். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், எடுப்பான மூக்கு, தலை நிறையக் கறுப்பு முடி. ஊரில் எல்லோரும் வெள்ளைக்கார டாக்டர் என்றே சொன்னார்கள். இருதய நோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறவராம். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது, நெஞ்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஊரிலேயே கொஞ்சம் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள் நான்தான் என்பதால் மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"வெள்ளைக்கார டாக்டர்னு சொல்றாங்க" என்று நான் ஒருநாள் சிரித்தபோது, தான் வெள்ளைக்காரி இல்லை, ஆர்மீனியர் என்றார். அப்படி ஒரு ஜாதி ஜனம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிள்ளைகளுக்குப் பூகோளம் வேறு சொல்லிக்கொடுக்கிறேன்! மெட்ராஸில் அவர்கள் பேரில் ஒரு தெருவே இருக்கிறதாம். முதல் யுத்தத்தின்போது அவர் அம்மாவின் ஜனங்களை ஊரை விட்டே விரட்டிவிட்டார்களாம். பாலைவனத்தில் நடக்க விட்டார்களாம். தப்பிப் பிழைத்தவர்களில் தனக்குத் தெரிந்த யாரும் வயதாகிச் சாகவில்லை, எல்லோரும் நெஞ்சு வலியில்தான் போனார்கள், தன் அம்மாவும் அப்படித்தான் என்றார். அது பரம்பரை ரத்தத்தில் இருக்கிறதா, அந்த நடை செய்த வேலையா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் வேறு ரத்தம், அதே மாதிரி நடை உள்ள உங்களைத் தேடி வந்தேன் என்றார். படித்தவர்களுக்கு எப்படியெல்லாம் யோசனை போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடக் கொட்டகையில் வைத்துப் பார்த்தார். ஆண்கள் வந்தார்கள், சட்டையைக் கழற்றினார்கள், போனார்கள். பர்மா நடை நடந்த பெண்கள்தான் பெரிய பாடாக இருந்தார்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் சும்மா இருப்பார்கள். உப்பு எவ்வளவு, கருவாடு எவ்வளவு என்று கேட்டால் சொல்வார்கள். காதில் மாட்டும் குழாயை எடுத்தால் போதும், மாராப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். பெண் டாக்டரிடம் என்ன வெட்கம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனைக்கும் பர்மா போகாத பெண்கள் சிரித்துக்கொண்டே காட்டினார்கள். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே இல்லை. டாக்டருக்கு உறைத்தது. இவர்கள் எதற்கோ பயப்படுகிறார்கள் என்று இரண்டு தடவை சொன்னார். பட்டிக்காட்டுத்தனம் என்று பதில் சொன்னேன்.

அம்மாவோ கொட்டகைப் பக்கமே வரவில்லை. "எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்" என்பாள்.

ஒருநாள் காலை உலை வைத்துக்கொண்டிருந்தவள் தலை சுற்றி அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாள். மூக்கிலிருந்து ரத்தம். நான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். பட்டையைச் சுற்றிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. அடுத்த கையிலும் பார்த்தார். அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இப்படியே விட்டால் எந்த நேரமும் கைகால் விழுந்துவிடும், உயிரே போகலாம், உடனே இருதயத்தைக் கேட்டாக வேண்டும் என்றார். குழாயை எடுத்தார். அம்மா இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம். உயிர் போகிற நேரத்தில் என்னம்மா இது என்று கத்தினேன்.

அம்மா என் காதருகே சொன்னாள்: "அத வச்சா உள்ள இருக்கறதெல்லாம் கேட்ருமாம்ல. நடந்து வந்தவுக எல்லாரும் அப்பிடித்தான் பேசிக்கிறாக."

இதை மொழிபெயர்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. குழாயை அம்மாவின் காதில் மாட்டி, மறுமுனையைத் தன் நெஞ்சில் வைத்தார். முதலில் நீங்கள் என்னுடையதைக் கேளுங்கள் என்றார். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள்.

"டொப்பு டொப்புங்குது. அம்புட்டுத்தான்."

எல்லோருக்கும் அவ்வளவுதான் கேட்கும் என்றார் டாக்டர். செத்துப்போன தன் அம்மாவைத் தினமும் நினைப்பதாகவும், அதுகூட இதில் கேட்காது என்றும் சொன்னார். அவளும் உங்களை மாதிரி நடந்தவள்தான். அவளை ஆறு வயதில் வழியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றார்.

நான் சாதாரணமாகத்தான் இதைத் தமிழில் சொன்னேன். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"விட்டது யாரு?"

பெற்ற தாய்தான் என்றார் டாக்டர். கைக்குழந்தை ஒன்றும் இருந்தது, இரண்டு பேரையும் தூக்க அவளுக்கு சக்தியில்லை.

"பொழைச்சாளா?"

பிழைத்ததால்தான் நான் இருக்கிறேன் என்றார். தண்ணீர் எடுக்க வந்த ஒரு அரபுப் பெண் தூக்கிப்போய் வளர்த்தாள். பிறகு அநாதை விடுதி, அதற்குப் பிறகு கல்கத்தா.

"அப்ப, பொழைக்கலாம்" என்றாள் அம்மா. டாக்டரிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு ஒரு அண்ணன் இருந்தான்டி."

எனக்குக் காது அடைத்துவிட்டது. இருபத்தைந்து வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட அம்மா, யாரோ முன்பின் தெரியாதவள் மாதிரி என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னதை நான் அப்போது மொழிபெயர்க்கவே இல்லை.

அப்பா போன பிறகு அம்மா இடுப்பில் நான், கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன். அவனுக்கு ஐந்து வயது. மலை ஏறும்போது காய்ச்சல் கண்டு கால் நடக்கவில்லை. கூட்டம் நிற்காது, நின்றால் எல்லோரும் சாவார்கள். ஒரு மரத்தடியில் அவனை உட்கார வைத்து, தகரக் குவளையில் தண்ணீர் வைத்து, "பாப்பாவ அங்கிட்டு விட்டுட்டு வாரேன், இங்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அவன் அழவில்லையாம். சரி என்று தலையாட்டினானாம். அதைச் சொல்லும்போதுதான் அம்மா உடைந்துபோனாள்.

அவள் மட்டுமில்லை. அந்தக் கூட்டத்தில் பல பேர் அப்படி விட்டு வந்திருக்கிறார்கள். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எல்லோரையும் குளத்தில் இறங்கச் சொன்னாராம். செத்தவர்களுக்காகத் தலைமுழுகுவது எங்கள் பக்கத்து வழக்கம். உயிரோடு விட்டவர்களுக்கும் அன்றைக்கே தலைமுழுக வைத்துவிட்டார். கரையேறியதும் அந்தப் பேரை இனி யாரும் எடுக்கக் கூடாது என்று சத்தியம். செத்துப்போன அப்பாவுக்கு வருஷா வருஷம் திதி கொடுத்தோம், ஒப்பாரிகூட வைத்தாள். உயிரோடு விட்ட பிள்ளைக்கு அழக்கூட அவளுக்கு வழியில்லை. குழாய்க்குப் பயந்த பெண்கள் எல்லோரும் எதை மூடிக்கொண்டு ஓடினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

நான் தட்டுத்தடுமாறி டாக்டருக்குச் சொன்னேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா அதோடு விடவில்லை.

"கேளு. அவுக ஆத்தா, விட்டுட்டுப் போனவள வஞ்சாளான்னு கேளு. மறைக்காம சொல்லச் சொல்லு."

நான் கேட்டேன். ஆறுதலுக்காக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பார்த்தேன். அவளுக்குக் கோபம் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது, ஆனால் திட்டி நான் கேட்டதில்லை என்றார் டாக்டர். சாகிற வரைக்கும் டாக்டரின் அம்மா ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். தன் அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு போன பாப்பா பிழைத்ததா, யாராவது சொல்லுங்களேன் என்று.

இதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? அந்த இடுப்பில் இருந்தவள் நானல்லவா? எப்படியோ சொல்லி முடித்தேன். அம்மா என் தோளைப் பிடித்து டாக்டருக்கு முன்னால் தள்ளினாள். "பொழைச்சுட்டாள்னு சொல்லுங்க. இந்தா இருக்கா பாருங்க, டீச்சரா இருக்கா" என்றாள், அந்த டாக்டர் போய் எங்கோ யாரிடமோ சொல்லிவிடுவார் என்பது போல. டாக்டரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டார்.

பிறகு அம்மா தானாகவே படுத்து, மாராப்பை விலக்கிக் காட்டினாள். மாத்திரை சாப்பிட்டாள், கருவாட்டை விட்டாள். மறுநாளே மற்ற வீடுகளுக்குப் போய், "அதுல ஒண்ணும் கேக்காது, தைரியமாப் போங்க" என்று எல்லோரையும் கொட்டகைக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்து, என் பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அண்ணன் பேரையும் எனக்குச் சொன்னாள். அதை நான் என் மகனுக்கு வைத்திருக்கிறேன்.

டாக்டரின் ஆராய்ச்சியில் நடையா, ரத்தமா என்று முடிவு தெரிந்ததா, எனக்குத் தெரியாது. எந்த ஊரிலாவது, எந்த பாஷையிலாவது அந்தப் பாப்பா என்ன ஆனாள் என்று நீ கேட்டுக்கொண்டிருந்தால், அண்ணே, நான் பிழைத்துத்தான் இருக்கிறேன்.