முளை அடித்த நிலம்

வெர்னா பாஸ்கோவுக்குத் தங்கம் தேடுவது பொழுதுபோக்குதான். ஆனால் அதற்கு முன் குத்தகை பார்ப்பதில் அவள் விளையாடமாட்டாள். லியோனோரா என்ற சுரங்க ஊரின் சாலையோர உணவகத்தில் வாரம் முழுக்க லாரிக்காரர்களுக்கு முட்டை பொரிப்பாள். விடுப்பு நாள் விடிந்ததும் சுரங்கத் துறையின் வரைபடத்தைக் கணினியில் திறந்து, எந்த நிலம் யார் கையில் இருக்கிறது, எது காலாவதியாகிவிட்டது என்று பார்ப்பாள். பார்க்காமல், மண்ணுக்குள் தங்கம் இருந்தால் ஒலி எழுப்பும் டிடெக்டரைத் தொடமாட்டாள். அடுத்தவன் குத்தகையில் எடுத்தால் அது திருட்டு என்பது அவள் கட்சி.

"நீ சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு, இது யார் குத்தகைன்னு கேப்ப" என்பான் தங்கை புருஷன் க்ளெம்.

வடக்கே ஒரு கம்பெனி பல வருஷம் வைத்திருந்த நிலம் ஒருநாள் காலையில் வரைபடத்தில் காலியாகக் காட்டியது. இருவரும் உடனே கிளம்பினார்கள்.

போய்ப் பார்த்தால் நான்கு மூலையிலும் முளை. வெட்டின மரம் வெள்ளையாக இருந்தது, பால் கசிந்துகொண்டிருந்தது. நிலம் வேண்டுமென்பவன் முதலில் முளை அடிப்பான், பிறகுதான் மனுப் போடுவான். வரைபடத்தில் ஏறச் சில நாள் ஆகும். அதனால் முளை இருந்தது அதிசயமில்லை. ஆனால் முந்தின இரவு மழை பெய்து செம்மண் வழவழவென்று படிந்திருந்தது. அதில் அவர்கள் வண்டித் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. முளையைச் சுற்றி ஒரு காலடிகூட இல்லை. வெர்னா குனிந்து, முளையில் இருந்த பெயர்த் தகட்டைச் சத்தமாகப் படித்தாள்.

"காலின்னு நீதானே சொன்ன?" என்றான் க்ளெம்.

"சொன்னேன். இப்ப முளை இருக்கு. அடிச்சா அடிச்சதுதான். வா, போகலாம்."

அவன் கேட்கவில்லை. உள்ளே போய் டிடெக்டரை வீசினான். அது அலறியது.

"வெர்னா! குதிரை மாதிரி கனைக்குது இது!"

மண்வெட்டியைப் போட்டான். காலி டிரம்மைத் தட்டினது போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் வெர்னாவுக்குப் பிடிக்கவில்லை. வண்டியில் ஏறி எஞ்சினைக் கிளப்பினாள்.

"வரியா? இல்ல, ஊர் வரைக்கும் நடந்து வரியா?"

மண்வெட்டியை அங்கேயே குத்தி வைத்துவிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தான். அவனைச் சமாதானப்படுத்த அவள் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

முதலில் பறவைகள் வாயை மூடின. பிறகு உள்ளே நின்ற முல்கா மரங்கள், படியிறங்கும் ஆட்களைப் போல நிமிர்ந்தபடியே கீழே போயின. மண்வெட்டியும் போனது. இடியோசை எதுவும் இல்லை. நீளமாக ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். புழுதி அடங்கியதும் பார்த்தார்கள். முளைக்கு முளை, கத்தியால் அறுத்தது போல நிலம் நேராக இறங்கியிருந்தது. க்ளெம்மின் கையில் தேநீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குச் சுடவில்லை.

மறுநாள் சுரங்கத் துறை அதிகாரி ஒருத்தி அவர்களோடு வந்து பார்த்தாள். பழைய சுரங்கம் உள்வாங்கியிருக்கிறது என்றாள். பள்ளம் இருந்தது. முளைகள் இல்லை. அவை நின்ற குழிகளும் இல்லை.

"முளையில பேர் எழுதின தகடு இருக்குமே. யார் பேர் போட்டிருந்தது?" என்று கேட்டாள் அதிகாரி.

வெர்னா வாயைத் திறந்தாள். தகட்டைக் குனிந்து சத்தமாகப் படித்தவளே அவள்தான். பேர் வரவில்லை. க்ளெம்மைப் பார்த்தாள்.

"சின்னப் பேருதான்" என்றான் அவன். "தெரிஞ்ச ஆளு பேரு மாதிரி இருந்துச்சு."

அந்த நிலத்துக்கு யாரும் மனுப் போடவில்லை. சுற்றிலும் கம்பி கட்டிவிட்டார்கள். க்ளெம் டிடெக்டரை விற்றுவிட்டான். வெர்னா இன்னும் போகிறாள், வேறு பக்கமாக.

குளிர்காலத்தில் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, இவரு தூக்கத்துல ஒரே பேரைச் சொல்லிட்டே இருக்காரு. யாருன்னு உனக்குத் தெரியுமா பாரேன். அந்தப் பேரு..."

"சொல்லாதே" என்றாள் வெர்னா. "நீயும் அதைக் காதுல வாங்காதே."