பள்ளிக்கூடத்தின் ஃபர்ஸ்ட் ஷிப்ட்

தேர்தல் நாளன்று பால் வாங்கப் போனேன். விடுமுறைதான், ஆனால் ரயில் நேரத்துக்குக் கண் தானாகத் திறந்துகொள்கிறது. இன்னும் விடியவில்லை. மூடிவிட்ட எங்கள் பள்ளிக்கூடம் ஓட்டுச்சாவடியாகத் திறந்து கிடந்தது. வராந்தாவில் புது விளக்கு எரிந்தது. குழாயில் தண்ணீர் கொட்டியது. பூட்டிக் கிடந்த வகுப்பறைகளில் ஆட்கள் நடமாடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

மாரிகுப்பத்தில் பாதிப் பேர் பெங்களூரில் சம்பாதிக்கிறவர்கள். தங்கம் எடுத்த மைன் மூடியதிலிருந்து இதுதான் பிழைப்பு. இருட்டில் கிளம்பும் முதல் ரயிலைப் பிடித்தால்தான் வேலை. நான் துணிக்கடையில் பில் போடுகிறேன், வீட்டுக்காரருக்கு ஒரு கிடங்கில் வேலை. இரண்டு பேருக்கும் அதே ரயில்தான். பள்ளிக்கூடம் திறப்பதோ ரயில் போய் வெகுநேரம் கழித்து. நடுவில் பிள்ளையை எங்கே விடுவது என்று எந்த ஆபீஸிலும் யாரும் யோசித்ததில்லை.

யோசித்தவர் எங்கள் தலைமையாசிரியை. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, "காலைல யாரும்மா இவள கூட்டினு வருவாங்க?" என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார்:

"மைன்ல மூணு ஷிப்ட் இருந்துச்சு. பள்ளிக்கூடம் மட்டும் ஒரே ஷிப்ட்டுனா எப்படி? ரயிலுக்குப் போறப்ப இங்க விட்டுட்டுப் போங்க. நான் இருக்கேன்."

ஊரில் அதற்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றே பெயர் வந்துவிட்டது. தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவோம். டீச்சர் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக, கையில் எமர்ஜென்சி லைட்டோடு கதவைத் திறந்து வைத்திருப்பார். உள்ளே பாய் விரித்திருக்கும். விடிந்ததும் எழுப்பி, முகம் கழுவிவிட்டு, சடை பின்னி, கேழ்வரகுக் கஞ்சி கொடுத்து, மணி அடிக்கும்போது மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்திவிடுவார். நான் பின்னிவிடுவதைவிட டீச்சர் பின்னிவிடுவதுதான் மகளுக்குப் பிடித்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர் வெளியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஃபர்ஸ்ட் ஷிப்ட் நின்றுபோனது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வார்டுப் பெண்கள் சேர்ந்து டீச்சர் வீட்டுக்குப் போய், கவுன்சிலர் தேர்தலில் நிற்கச் சொன்னோம். "எனக்கு இன்னாத்துக்கும்மா அரசியல்?" என்று சிரித்தார். கவுன்சிலர் ஆனால் பள்ளிக் கமிட்டியில் இடம் கிடைக்கும், சாவியை உரிமையோடு கேட்கலாம் என்றோம். சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். நின்றார், ஜெயித்தார்.

சாவி வந்தது, ஃபர்ஸ்ட் ஷிப்ட் மறுபடி ஆரம்பித்தது. சாக்கடை அடைத்தால் ஆளைக் கூட்டி வந்து, வேலை முடியும்வரை கூடவே நிற்பார். ஆனால் நகரசபைக் கூட்டத்துக்குக் கூட்டம் அவர் விடாமல் கேட்டது பள்ளிக்கூட வராந்தாவுக்கு ஒரு விளக்கும் குழாய்க்குத் தண்ணீரும்தான். மற்ற கவுன்சிலர்கள், "டீச்சர் இன்னும் ஸ்கூல விட்டு வெளிய வரல" என்று கிண்டல் செய்தார்களாம். விளக்கு வரவே இல்லை.

வந்தது ஒரு கல்வித்துறை அதிகாரி. விடியற்காலையில் ஜீப்பில் வந்து இறங்கி, பாயில் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்து, "இது ஸ்கூலா, சத்திரமா?" என்று கேட்டார். நேரத்துக்கு முன்னால் கட்டடத்தைத் திறக்க விதி இல்லையாம். ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். பொறுப்பை ஏற்றுக்கொண்ட மனுஷி அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். அது அவர் கண்ணில் படவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் என்ன, ரயிலுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டு, அங்கே வேறு பள்ளியில் போட்டார்கள். சில பெண்கள் வேலையை விட்டார்கள். பிள்ளைகள் குறைந்ததும் அதே அதிகாரி வந்து, பிள்ளைகளே இல்லாத பள்ளி எதற்கு என்று ராபர்ட்சன்பேட்டைப் பள்ளியோடு சேர்த்துவிட்டு இதைப் பூட்டினார். பிள்ளைகளைத் துரத்தியதே அவர்தான், பிள்ளை இல்லை என்று சொன்னதும் அவரேதான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. என் சின்னவன் ஃபர்ஸ்ட் ஷிப்டைப் பார்த்ததே இல்லை. ராபர்ட்சன்பேட்டைப் பள்ளிக்குப் போகிற ஆட்டோ வரும்வரை பக்கத்து வீட்டுத் தரையில் தூங்குகிறான். அந்த வீட்டுக்காரி முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தத் தேர்தல் நாளில் ஓட்டுப் போட டீச்சரோடுதான் போனேன். வாசலில் இருந்த தேர்தல் அலுவலர் மரியாதையாக, "வாங்கம்மா" என்றார்.

"எத்தன மணிக்கு சார் தெறந்தீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"நேத்தே வந்துட்டோம்மா. இங்கயேதான் படுத்தோம். காலைல இருட்டுலயே மிஷின செக் பண்ணணும்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "பசங்க படுத்தா சத்திரம், நீங்க படுத்தா ஸ்கூலா?" என்று சத்தம் போட்டேன். அந்த மனிதர் போலீஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். போலீஸ்காரர் எழுந்து வந்தார்.

டீச்சர் என் கையைப் பிடித்தார். "உடும்மா. அவரு இன்னா பண்ணுவாரு? நம்ம பசங்களுக்கு ஓட்டு இல்ல, அவ்ளோதான்." பிறகு அலுவலரிடம், "இந்த வராந்தா லைட்ட போறப்ப கழட்டினு போயிடுவீங்களா?" என்றார்.

"இல்லம்மா, அது இங்கதான் இருக்கும். ரூமுங்கள மட்டும் பூட்டி சாவியக் குடுத்துடுவோம்."

அவர் தலையாட்டிவிட்டு ஓட்டுப் போடப் போனார். ஏன் அதைக் கேட்டார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் ரயிலுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனேன். பள்ளிக்கூடப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போனேன். வகுப்பறைகளில் பூட்டு தொங்கியது. வராந்தாவில், அந்தப் புது விளக்கின் கீழே, டீச்சர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். அதே மஃப்ளர். பக்கத்தில் கஞ்சிப் பாத்திரம். எனக்கு முன்பே வந்துவிட்ட இரண்டு பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டிருந்தார்கள்.

"விட்டுட்டு ஓடும்மா. ரயிலு போயிடப் போவுது. ஆட்டோல நான் ஏத்தி உடறேன்."

பையனைப் படுக்க வைத்தேன். சிமெண்டுத் தரையின் குளிர் பாய்க்கு மேலே ஏறியது. எழுபதை நெருங்குகிற மனுஷி அதில்தான் உட்கார்ந்திருந்தார். அந்தப் பூட்டுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு கோபம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே ஓட்டுக்காகப் பெருக்கிச் சுத்தம் செய்த வகுப்பறை காலியாக இருந்தது.