நோர்வூட் மனித ஓநாய் எங்க அப்பாதான்

இன்னைக்கு ஹட்டன்ல இருந்து நோர்வூட் போற பஸ்ல, பக்கத்து சீட்டுத் தம்பி போனை நீட்டினாரு. "அக்கா, ஒங்க பக்கம்தானே? தனியா நடக்காதீங்க. மனித ஓநாய் திரியுதாம்."

வீடியோவப் பாத்தேன். ஒரே பனிமூட்டம். தேயிலைக்கு நடுவுல கறுப்பா ஒரு உருவம், தலை முழுக்க சடை, பின்னால வால்.

எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. அது எங்க அப்பா!

கறுப்பாத் தெரியிறது அவரு போத்தியிருக்கிற கம்பளி. சடைன்னு சொல்றது தலையில இருக்கிற புல்லுக்கட்டு, மாட்டுக்கு அறுத்தது. வாலு, கட்டுன கயிறு.

"தம்பி, அது எங்க அப்பா. இந்த வீடியோவ நம்பி முந்தாநாள் யாரோ கல்லெறிஞ்சு, நெத்தியில தையல் போட்டிருக்கு"ன்னேன்.

தம்பி வீடியோவ மறுபடி ஓட்டிப் பாத்தாரு. அப்புறம் கேக்கிறாரு, "அப்ப அவரோட ஒரு செல்பி எடுக்கலாமாக்கா?"

நம்ம இலங்கைக் காட்டுல ஓநாயே கிடையாது. பாதி ஓநாய் மட்டும் எங்கருந்துய்யா வந்துச்சு?

நாங்க குடியிருக்கிற தோட்டத்து லயத்துக்குப் பின்னால சிறுத்தை வந்து நாயத் தூக்கிட்டுப் போச்சுன்னு எத்தனை தடவ போஸ்ட் போட்டேன்! ஒருத்தர் பகிரல. இதை மட்டும் ஊரே பகிர்ந்திருக்கு.

மாட்டப் பட்டினி போட முடியுமா? இன்னைக்கும் அப்பா நெத்திக் கட்டோட புல்லுக்குப் போனாரு. மறுபடி கல்லு விழக் கூடாதுன்னு சத்தமாப் பாடிக்கிட்டே போனாரு.

பகிர்ந்த பெரிய மனுசங்களே, எந்தப் பாட்டு பாடினா ஒங்க கண்ணுக்கு அவரு மனுசனாத் தெரிவாரு? கீழ சொல்லுங்க. அவருக்குச் சொல்லிக் குடுக்கிறேன்.